பழைய லாரிக்குப் புதுப் பலம்

அரியலூர் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு லாரி என்பது வெறும் வாகனம் அன்று. பல குடும்பங்களுக்கு அதுவே வயல், அதுவே வரப்பு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்நிலத்தை மூடியிருந்த கடல், சுண்ணாம்புக் கல்லை நமக்குச் சீதனமாக விட்டுச் சென்றது. 1979-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், தளவாய் எனப் பல இடங்களில் தனியார் ஆலைகள் எழுந்தன. கல்லைச் சுமக்க லாரிகள் வந்தன. பெரம்பலூர்ப் பக்கம் போனால் ஜல்லி, கரும்பு, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று சுமை மாறுமே தவிர, சுமக்கும் லாரி மாறுவதில்லை.

அந்த லாரிகளுள் புதியவை சில, பழையவை பல. என் தாய்மாமன் ஒரு பழைய லாரியின் சொந்தக்காரர். கைமாறி வந்த வண்டி. வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. சுரங்கப் பள்ளத்திலிருந்து கல் ஏற்றி மேலே வரும்போது அது படும் பாட்டைக் கிளீனர் இருக்கையில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். பின்னால் வருகிறவர்கள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாளில் ஒரு நடை குறைந்தால் அன்றைய வரும்படியில் மிச்சம் என்று எதுவும் நிற்காது.

“நீதான் பௌதிகம் படிக்கிறியே மாப்பிள்ளை, இந்த எஞ்சினுக்குக் கம்மிச் செலவுல பலம் ஏத்த வழி சொல்லேன்” என்று மாமா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. வகுப்பறையில் கற்றதையும், பெரம்பலூரில் ஒரு பட்டறையில் கண்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

திறன் என்பது யாது?

வேலை செய்யும் வேகமே திறன் என்று பள்ளியில் படித்தோம். அதையே நம் சுரங்கப் பாதையில் வைத்துப் பார்ப்போம். லாரியும் கல்லுமாகச் சேர்ந்து 16 டன் எடை. பாதை 16 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயர்கிறது. மேட்டில் ஏற்ற மட்டும் வேண்டிய விசை ஏறத்தாழ 9,800 நியூட்டன். மண் பாதையில் சக்கரம் உருளும் தடையை எடையில் 3 சதவீதம் என்று கொண்டால் மேலும் 4,700 நியூட்டன். ஆக 14,500 நியூட்டன்.

எஞ்சின் 130 குதிரைத்திறன் தருவதாகவும், கியர்ப் பெட்டியிலும் பின் அச்சிலும் 15 சதவீதம் தேய்ந்து போவதாகவும் கொள்வோம். சக்கரத்துக்கு வருவது 110 குதிரைத்திறன். இத்திறனில் அந்த மேட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். அதே எஞ்சின் களைத்துப்போய் 90 குதிரைத்திறன்தான் தருகிறது என்றால், வேகம் 14 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். ஓட்டுநர், “வண்டி இழுக்கலை” என்று ஒரே சொல்லில் சொல்வதன் கணக்கு இதுதான்.

இங்கே ஒரு வினா எழுகிறது. 130 தந்த எஞ்சின் 90 தருவது ஏன்? இழந்த 40 எங்கே போயிற்று? பலத்தை ஏற்றும் வழியைக் கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. அதனால் பட்டோம்.

நாங்கள் செய்த தவறு

டீசல் எஞ்சினில் எரிபொருளை அளந்து அனுப்புவது பம்ப். ஒரு வீச்சுக்கு எவ்வளவு டீசல் போகலாம் என்பதற்கு அதில் ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தீர்மானிக்கும் திருகைச் சரிசெய்து, யாரும் தொடக்கூடாதென்று ஈய முத்திரை வைத்திருப்பார்கள். வழியோரப் பட்டறை ஒன்றில் அந்த முத்திரையை உடைத்துத் திருகைச் சற்றுத் திருப்பிவிட்டார்கள். கேட்ட கூலி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஒரு வாரம் வண்டி பறந்தது. மாமாவின் முகத்தில் சிரிப்பு. ஆனால் மேடு ஏறும்போதெல்லாம் கரும்புகை பந்தல் போட்டது. டீசல் செலவு ஏறியது. தண்ணீர் கொதித்தது. மூன்றாம் மாதம் ஹெட் கேஸ்கட் போனது. திறந்து பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலை வெந்து வெடித்திருந்தது. அத்தையின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் வாங்கிய பலத்தின் உண்மை விலை அது.

ஏன் அப்படி ஆயிற்று? விடை காற்றில் இருக்கிறது.

எஞ்சின் மூச்சு விடும் கணக்கு

1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன் தத்துவம் எளியது. பெட்ரோல் எஞ்சினைப் போல இதில் தீப்பொறி இல்லை. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, பதினாறு பதினேழில் ஒரு பங்காக அமுக்கினால் அது 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோல் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது.

ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்கு என்று கணக்கிட்டால் சுமார் 10,000 லிட்டர் காற்று. இது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் இருக்கும் நொடிப்பொழுதில் காற்றும் டீசலும் முழுதாகக் கலக்க முடியாதாகையால், நடைமுறையில் இன்னும் கூடுதலான காற்று இருந்தால்தான் புகையின்றி எரியும்.

மாமாவின் லாரியில் இருப்பது டர்போ இல்லாத டாட்டா 697 எஞ்சின். பெயரிலேயே அளவு இருக்கிறது: 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 128 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் மொத்தக் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மூச்சு வீதம், நிமிடத்துக்கு அதிகபட்சமாக 6,800 லிட்டர் காற்றை இழுக்கும். அதற்கு மேல் அதனால் இழுக்க முடியாது.

இப்போது எங்கள் தவறு விளங்கும். காற்றின் அளவு மாறாமல் இருக்க, டீசலை மட்டும் கூட்டினோம். கூடுதல் டீசலில் ஒரு பகுதி எரிந்து சிறிது பலம் தந்தது உண்மை. மீதி கரியாகவும் சூடாகவும் வெளியேறியது. எஞ்சின் மூச்சுத் திணறும்போது அதற்கு மேலும் சோறு ஊட்டியது போன்றது அச்செயல்.

கரும்புகை ஓட்டுநரின் வீரத்துக்கு அடையாளம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. உண்மையில் அது காசு கொடுத்து வாங்கிய டீசல், எரியாமல் போவதன் அடையாளம். நீலப்புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை வந்தால் டீசல் பற்றாமல் போகிறது. அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவர் பாதி வைத்தியர்.

காசில்லாத சோதனைகள்

எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பெரம்பலூரில் வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தச் சொன்னார். தாம் குனிந்து பம்பின் நெம்பைப் பார்த்தார்.

“தம்பி, நீ முழுசா மிதிச்சிருக்க. பம்புக்கு முக்காவாசிதான் தெரிஞ்சிருக்கு” என்றார்.

இணைப்புத் தண்டுகளின் முனைகள் தேய்ந்து, நெம்பு தன் எல்லையைத் தொடாமலே நின்றிருந்தது! பல நாளாகப் பம்ப் முழுதும் திறக்கவே இல்லை. அதைச் சரிசெய்ய ஆன செலவு மிகச் சிறிது. அன்று அவர் செய்த மற்றச் சோதனைகளையும் வரிசையாக எழுதுகிறேன். இவற்றுக்குக் கண்ணும் கையும் போதும்.

முதலாவது, காற்றின் வழி. எங்கள் லாரியில் இருப்பது எண்ணெய்த் தொட்டி வகைக் காற்று வடிகட்டி. அதன் அடியில் சுண்ணாம்புத் தூசி களியாக உறைந்திருந்தது. அரியலூர்ச் சாலைத் தூசியில் ஓடும் வண்டிக்குப் புத்தகம் சொல்லும் கால இடைவெளி போதாது. அதைவிட அடிக்கடி கழுவ வேண்டும். புது எண்ணெயைக் கோடு வரைதான் ஊற்ற வேண்டும். மிகுந்தால் எஞ்சின் அதையும் உறிஞ்சிக்கொள்ளும். வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பும் இருந்தது. அதன் வழியே தூசியும் எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றும் உள்ளே போயின. 40 டிகிரி வெளிக் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரிக் காற்றை இழுத்தால், அதே கொள்ளளவில் காற்றின் நிறை 6 சதவீதம் குறைகிறது. வாயு விதிகளைத் தேர்வுக்காக மட்டும் படிக்கக் கூடாது என்று அன்று உணர்ந்தேன்.

இரண்டாவது, டீசலின் வழி. தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் டீசல் சீராக வராது. டீசல் வடிகட்டி அடைத்திருந்தாலும் அப்படியே.

மூன்றாவது, சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்று சுற்றவே மறுத்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் தந்த பலத்தை அந்த டிரம் சூடாக்கித் தின்றுகொண்டிருந்தது. டயரில் காற்றுக் குறைவும் இப்படித்தான் பலத்தைத் தின்னும்.

நான்காவது, கிளட்ச். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். அதற்கு எஞ்சினைக் குறை சொல்வது நியாயமன்று.

ஐந்தாவது, தெர்மோஸ்டாட். தண்ணீர் கொதிக்கிறதே என்று பலர் இதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் தன் சரியான சூட்டை அடைய நெடுநேரம் ஆகிறது. குளிர்ந்த எஞ்சினில் டீசல் சரியாக எரியாது, லைனரும் விரைவில் தேயும். கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரின் அடைப்பிலோ தளர்ந்த பெல்ட்டிலோ இருக்கும்.

சிறு செலவில் செய்யக்கூடியவை

அடுத்து மேஸ்திரி, நாசில்களைக் கழற்றிச் சோதனைப் பம்பில் பொருத்திக் காட்டினார். நல்ல நாசில், குறித்த அழுத்தம் வந்ததும் பட்டென்று திறந்து பனிபோல் தூவ வேண்டும். அழுத்தம் இறங்கியதும் சொட்டின்றி மூட வேண்டும். எங்கள் ஆறில் இரண்டு, தூவுவதற்குப் பதிலாகக் கிழவனின் வாய்போல் ஒழுகின. ஒழுகும் டீசல் எரிவதில்லை. பிஸ்டன் தலையைச் சுடுகிறது. நாசில் முனைகளை மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்தார்.

பின்பு வால்வுகளின் டேப்பெட் இடைவெளியைத் தகட்டளவு வைத்துச் சரிபார்த்தார். இடைவெளி மிகுந்தால் வால்வு முழுதும் திறக்காது. குறைந்தால் முழுதும் மூடாது. முன்னதில் மூச்சுக் குறைகிறது. பின்னதில் அமுக்கம் கசிகிறது. டீசல் தூவத் தொடங்கும் நேரத்தையும் சக்கரக் குறியோடு ஒப்பிட்டார். தாமதமாகத் தூவினால் பலம் குழாய் வழியே வெப்பமாகப் போய்விடும். முந்தித் தூவினால் எஞ்சின் தட்டும். சைலன்சரைத் தட்டிப் பார்த்துக் கரி அடைப்பு இருக்கிறதா என்று அறிந்தார். வெளிமூச்சு அடைபட்டால் உள்மூச்சு எப்படி வரும்?

கடைசியாகப் பம்பை அளவுச் சோதனைக் கடைக்கு அனுப்பினார். ஆறு சிலிண்டர்களுக்கும் சமமான அளவில் டீசல் போகும்படி, தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே வைத்து, மீண்டும் ஈய முத்திரை இட்டார்கள். மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. “அண்ணே, ஒரு நூல் கூட்டி வைக்கச் சொல்லுங்களேன்” என்றார். “முதல்ல அது சம்பாதிச்சதை அதுகிட்ட குடுத்துப் பாரு. அப்புறம் கூட்டலாம்” என்றார் மேஸ்திரி.

மறுபடி சுரங்கத்துக்குப் போனோம். முன்பு முதல் கியரில் முனகி ஏறிய அதே மேட்டில் லாரி இரண்டாம் கியரில் ஏறியது. பின்னால் புகை இல்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பெருஞ்செலவும் சட்டமும்

இதற்கு மேலும் பலம் வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பின் அச்சின் பல் விகிதத்தை மாற்றுவது. எடுத்துக்காட்டாக, 7 பல் பினியனும் 41 பல் கிரவுனும் இருந்தால் விகிதம் 5.86, 6 பல்லும் 41 பல்லும் ஆனால் 6.83. சக்கரத்தின் இழுவிசை ஏறத்தாழ 17 சதவீதம் கூடும். நெடுஞ்சாலை வேகம் அதற்கேற்பக் குறையும். எஞ்சினின் திறன் ஓர் அணுவும் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெம்புகோல் தத்துவம்தான் இது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். சென்னைக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்குப் பொருந்தாது.

மற்றொன்று டர்போ. வெளியேறும் புகையின் விசையால் ஒரு விசிறியைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் அழுத்தும் இம்முறைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். காற்றைக் கூட்டிய பிறகு டீசலைக் கூட்டுவதால் இது நேர்மையான வழி. ஆனால் டர்போ எஞ்சினுக்கென்று பிஸ்டன், கேஸ்கட், எண்ணெய் ஓட்டம், குளிர்விப்பு ஆகியவை தனியே அமைக்கப்படுகின்றன. பழைய எஞ்சினில் டர்போவை மட்டும் வாங்கிப் பூட்டுவது, நோயாளியின் தோளில் மல்லனின் கதாயுதத்தை ஏற்றுவது போலாகும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. புகைக்கும் அளவு உண்டு. பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு எல்லை. திருகைத் திருப்பிய வண்டி இதில் தேறுவது கடினம்.

பாரத்தின் கணக்கு

எல்லாவற்றிலும் மலிவான வழியைக் கடைசியாக வைத்தேன். ஏனெனில் அதைக் கேட்கத்தான் யாருக்கும் விருப்பமில்லை. மேலே சொன்ன 90 குதிரைத்திறன் எஞ்சினில் 16 டன்னுக்குப் பதிலாக 22 டன் ஏற்றினால், 14 கிலோமீட்டர் வேகம் 10 கிலோமீட்டராகக் குறையும். “வண்டி இழுக்கலை” என்று நாம் சொல்லும் பல வேளைகளில் வண்டி நேர்மையாகத்தான் இழுக்கிறது. நாம் நேர்மையாக ஏற்றுவதில்லை. 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. ஆனால் ஒரு பழைய லாரிக்கு அதன் பதிவுச் சான்றிதழில் எழுதியுள்ள எடையே எல்லை.

டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது ஒரு டன் கூடவே ஏற்றத் தோன்றுவது இயற்கை. நானும் அந்த வரும்படியில் படித்தவன்தான். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குப் பலம் ஏற்றினோமே, பிரேக்குக்கு யார் ஏற்றினார்கள்? மேட்டில் ஏற்றிய ஒவ்வொரு டன்னையும் இறக்கத்தில் பழைய டிரம்தான் தாங்க வேண்டும். அந்தச் சாலையில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறார்கள். ஏறாத வண்டியால் ஒரு நடைதான் போகும். நிற்காத வண்டியால் போவதை யாராலும் திருப்பித் தர முடியாது.

முடிவுரை

ஆகவே என் மாமாவுக்கு நான் தந்த விடையை நண்பர்களுக்கும் தருகிறேன். பழைய எஞ்சினுக்குப் புதுப் பலம் தேடும் முன், அது இழந்த பலத்தைத் தேடுங்கள். காற்று, டீசல், அமுக்கம், நேரம், தடை, பாரம் என்ற ஆறையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். இவற்றில் ஐந்து சரியாகி, ஆறாவதும் நம் கட்டுக்குள் வந்தபின் திருகைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது.

அத்தையின் வளையல்களில் ஒன்று சென்ற தையில் திரும்பி வந்தது. மற்றொன்று இன்னும் அடகில் இருக்கிறது. லாரி ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் வந்துவிடும்.